ஒரு கல், ஒரு மாங்காய்

துபாயிலோ ஷார்ஜாவிலோ ஐ.வி.எஃப். சிகிச்சைக்குப் போகும் நம்மூர்த் தம்பதிகள் போடும் கணக்கு இது: செலவோ தலைக்கு மேல், லீவு கிடைப்பதோ குதிரைக்கொம்பு, இரட்டையாகப் பிறந்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். "ரெண்டு கருவா வச்சிடுங்க டாக்டர்" என்று அவர்களே கேட்பார்கள்.

கருப்பைக்கு அந்தக் கணக்கு புரியாது. ஒற்றைக் குழந்தை 39, 40 வாரம் தங்கும். இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையுமுன்பே வந்துவிடுகிறார்கள். ரொம்ப முந்தினால், நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது. தாய்க்கோ ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என எல்லா ஆபத்தும் கூடும்.

அப்படியானால் ஒன்றே வைக்கலாமே? மிச்சக் கருக்களை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். அமீரகத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் கருவை உறைய வைப்பதைத் தடை செய்தது; மிஞ்சியவை தாமாக அழிய வேண்டியதுதான். முயற்சி தோற்றால் மறுபடி ஊசி, மறுபடி செலவு. அந்த நிலையில் ஒன்று போதும் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 2019-இல் வந்த புதுச் சட்டம் தடையை நீக்கியது. இப்போது 5 ஆண்டு வரை சேமிக்கலாம், பிறகு நீட்டிக்கவும் செய்யலாம்.

உறைய வைப்பது ஃப்ரீசரில் மீன் வைப்பது போலல்ல. நீர் பனிக்கட்டியானால் அதன் ஊசிமுனைகள் செல்லைக் கிழித்துவிடும். அதனால் செல்லிலுள்ள நீரில் பெரும்பகுதியை வெளியேற்றி, உறைகாப்புத் திரவத்தைப் புகுத்தி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்துகிறார்கள். படிகம் உருவாக நேரமில்லை. கரு கண்ணாடி போல இறுகி நிற்கிறது. வெளியே 45 டிகிரி வெயில்!

கருவை உறைய வைக்கும் வித்தை நமக்குப் புதிதுமல்ல. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த துர்கா, 53 நாள் உறைநிலையில் இருந்த கருவிலிருந்து வந்தவள் என்றார் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. மாநில அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. நம் அறிவியல் வரலாற்றின் வெட்கக்கேடு அது.

சரி, உறைந்த கருவை நம்பி ஒன்றே வைத்தால் பலன் குறையுமா? இதைப் பார்த்த ஸ்காண்டிநேவிய ஆய்வொன்று 2004-இல் வெளியானது. 36 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒரு பிரிவினருக்கு ஒரே தடவையில் இரண்டு கரு. மற்றவர்களுக்கு ஒன்று, பலிக்காவிட்டால் உறைந்த இன்னொன்று. குழந்தை பெற்றோர் முதல் பிரிவில் 42.9 சதவீதம், இரண்டாவதில் 38.8. அந்தப் பிரசவங்களில் இரட்டையோ அதற்கு மேலோ? முதல் பிரிவில் 33.1 சதவீதம், இரண்டாவதில் வெறும் 0.8.

ஆகவே டாக்டரிடம் எத்தனை வைப்பீர்கள் என்று கேட்குமுன், மிச்சத்தை எப்படிச் சேமிப்பீர்கள் என்று கேளுங்கள்.