அணைத்து வைத்த சந்தா

ஒரு தரவுத்தளத்தில் பதிவாகும் மாற்றங்கள் இன்னொரு சர்வரில் இருக்கும் நகலுக்கும் போய்ச் சேர்வதை நகலாக்கம் என்கிறோம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மென்பொருளில், 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல், வேண்டிய அட்டவணைகளை மட்டும் இப்படிப் பெறலாம். பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதுபோல, அனுப்பும் சர்வர் வெளியிட, பெறும் சர்வர் சந்தா வைத்துக்கொள்கிறது. சந்தா ஓடுகிறதா, நிறுத்தி வைக்கப்பட்டதா, எதுவரை பெற்றாயிற்று என்பதெல்லாம் அதன் அமைப்புகள். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறும்போது தரவு வந்துவிடும். இந்த அமைப்புகள் நெடுங்காலம் முழுதாக வரவில்லை. சந்தாவின் பெயர் இருக்கும், ஆனால் அது அணைந்து கிடக்கும். எதுவரை பெற்றோம் என்ற கணக்கும் போயிருக்கும். சர்வர் வழக்கம்போல் எழுந்து பதில் சொல்லும், நகல் மட்டும் பழைய நாளிலேயே நிற்கும். 17-ஆம் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாறுகிறவர்களுக்குத்தான் இந்தக் குறை நீங்கியது.

நீங்கியது என்று எப்படி நம்புவது? இங்கேதான் சோதனை எழுதுகிறவரின் கூர்மை தெரியும். ஓர் அமைப்பு வழியில் தொலைந்துபோனால் அதன் இடத்தில் இயல்பான மதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இயல்பான மதிப்பையே வைத்துச் சோதித்தால், தொலைந்ததும் காப்பாற்றப்பட்டதும் ஒன்றுபோலவே தெரியும். முதன்மை சர்வர் விழுந்தால் மாற்று சர்வரிலிருந்து தொடரும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். சோதனையில் அதை வேண்டுமென்றே இயக்கி வைக்க வேண்டும். சந்தாக்களில் ஒன்று ஓடவும் ஒன்று நிற்கவும் வேண்டும். ஓடுவதை மட்டும் பார்த்தால், பதிப்பை மாற்றும் கருவி எல்லாவற்றையும் இயக்கிவிடுவதாக இருந்தாலும் தேறிவிடும். நிற்பதை மட்டும் பார்த்தால், எல்லாவற்றையும் அணைத்துவிடும் கருவியும் தேறும்.

இவ்வளவு எதற்கு, சந்தாவை அழித்துப் புதிதாகப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். சிறிய தரவுத்தளத்துக்கு அது நியாயமான வழிதான். பெரியதில் முதலிலிருந்து நகலெடுக்க வெகுநேரம் பிடிக்கும்; ஏற்கெனவே நிரம்பிய அட்டவணையில் மறுபடி கொட்டினால் முதன்மைச் சாவிகள் மோதும். மாற்றத்துக்கு முன் கருவியே சரிபார்க்கிறதே என்பது இன்னொரு வாதம். அந்தச் சரிபார்ப்பு, மாறலாமா என்று மட்டுமே சொல்லும். மாறிய பிறகு என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது. அதை அறிய, பெறும் சர்வர் அணைந்திருக்கும்போது அனுப்பும் பக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, புதிய பதிப்பில் எழுந்ததும் அந்த வரி வந்திருக்கிறதா, ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.