நாலு இடங்களில் எரிந்த விளக்கு!

ஆவடியில் ரெயில் ஏறினால் ஒரே நாளில் பார்த்து வரலாம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "எங்கேயாவது கூட்டிப் போங்கள்" என்று நச்சரிப்பார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏரி உண்டு. கோவில் உண்டு. தொழிற்சாலை உண்டு. ஆனால் கடல் இல்லை!

கடலைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டியது இல்லை. ஆவடியில் இருந்து சென்னை சென்டிரல் சுமார் 20 கிலோமீட்டர்தான். கடற்கரை ஸ்டேஷனுக்கே எலெக்ட்ரிக் ரெயில் போகிறது. பூந்தமல்லிக்காரர்களுக்கு பஸ் இருக்கிறது.

அந்த ரெயில் பாதை சாமானியமானது அல்ல. தென்னாட்டின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. அது போனது ஆவடி வழியாகத்தான்!

துறைமுகம் இல்லாத பட்டினம்

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகம். பெரிய பெரிய பளுதூக்கிகள் வானத்தைத் தொடுவது போல் நிற்கும். உள்ளே எல்லோரும் போய்விட முடியாது. ராஜாஜி சாலையில் நின்றே பார்க்கலாம்.

வெள்ளைக்காரர்கள் இங்கே கோட்டை கட்டத் தொடங்கிய காலம் 1640-ம் ஆண்டை ஒட்டியது. அப்போது துறைமுகம் இல்லை. அதற்குப் பிறகும் 200 ஆண்டுகளுக்கு மேல் இல்லை!

கப்பல் கடலிலேயே நிற்கும். படகு போய் ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கி வரும். நடுவில் ஆள் உயர அலை. ஆணி அடித்த படகாக இருந்தால் அலை அடித்த அடியில் பிளந்து போகும்.

நம் மீனவர்கள் என்ன செய்தார்கள்? பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள்! தைத்த படகு வளைந்து கொடுக்கும். உடையாது. அதற்கு மசூலா படகு என்று பெயர். அப்படியும் படகு கவிழ்ந்து உயிர் இழந்தவர்கள் பலர்.

புயல் விழுங்கியது

1875-ம் ஆண்டு டிசம்பர் மாதம் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல்லைக் கொட்டி கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881-ம் ஆண்டு நவம்பரில் புயல் வந்தது. பல ஆண்டு உழைப்பு கடலோடு போனது!

மனிதன் விடவில்லை. மறுபடியும் கட்டினான்.

1904-ம் ஆண்டு சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற என்ஜினீயர் பொறுப்புக்கு வந்தார். கிழக்கே இருந்த வாசலை அடைத்தார். வடகிழக்கில் வேறு வாசல் திறந்தார். அதன் பிறகுதான் உள்ளே அலை அடங்கியது.

அவரிடம் 1912-ம் ஆண்டு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அவர் யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன்! 1914-ம் ஆண்டு அவர் லண்டனுக்குக் கப்பல் ஏறியதும் சென்னையில் இருந்துதான்.

விளக்கின் பயணம்

கப்பலுக்குக் கரை காட்டும் விளக்கு இந்த ஊரில் நாலு இடங்களில் எரிந்து இருக்கிறது.

முதல் விளக்கு கோட்டைக்குள், 1796-ம் ஆண்டு ஏற்றப்பட்டது. தேங்காய் எண்ணெயில் எரிந்தது. அந்தக் கட்டிடம்தான் இன்று கோட்டை மியூசியம். 1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

இரண்டாவது விளக்கு 1844-ம் ஆண்டு வந்தது. அந்தக் கல்தூண் இன்றும் ஐகோர்ட்டு வளாகத்தில் நிற்கிறது.

மூன்றாவது விளக்கு ஐகோர்ட்டு கோபுரத்தின் உச்சியிலேயே 1894-ம் ஆண்டு முதல் எரிந்தது. கீழே நீதி, மேலே ஒளி!

நான்காவது விளக்கு மெரினாவில் 1977-ம் ஆண்டு திறக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கோபுரம். லிப்டு உண்டு. மேலே போனால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஊர். பறக்கும் ரெயிலில் 'கலங்கரை விளக்கம்' என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.

எம்டன் வந்தது

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு. ஜெர்மனியின் 'எம்டன்' போர்க்கப்பல் ஓசைப்படாமல் வந்து குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு ஐகோர்ட்டு சுவரில் இருக்கிறது. கெட்டிக்காரனை "சரியான எம்டன்" என்று சொல்கிறோமே, அது இந்தக் கப்பலால் வந்த பேச்சுதான்!

மணல் எங்கிருந்து வந்தது?

சாயங்காலம் மெரினா. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் நடக்கலாம். 1959-ம் ஆண்டு வைத்த உழைப்பாளர் சிலையைப் பார்க்கலாம்.

இவ்வளவு மணல் முன்பு இங்கே கிடையாது. ஒரு காலத்தில் கோட்டைக்கு அருகிலேயே அலை அடித்தது.

கடல் நீரோட்டம் ஆண்டில் பெரும்பகுதி மணலைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளிச் செல்கிறது. துறைமுகச் சுவர் குறுக்கே நின்றது. மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது.

அப்படியானால் வடக்கே? அங்கே வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையை அரித்தது. ராயபுரத்தில் இருந்து திருவொற்றியூர் வரை மீனவர் வீடுகள் பல கடலில் போயின. பாறாங்கற்களைக் கொட்டித்தான் கரையைக் காக்கிறார்கள்.

மெரினாவில் நாம் காற்று வாங்கும் மணல், வடசென்னை மீனவர்கள் இழந்த மணல். தைத்த படகில் கப்பலுக்குப் போனவர்களின் சந்ததிகள் அங்கேதான் வாழ்கிறார்கள். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை!

கடலில் குளிக்க இறங்க வேண்டாம். மெரினாவில் திரும்பும் அலை காலை வாரி இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்துப் போய் இருக்கிறது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கால் நனைத்தால் போதும்.

இருட்டியதும் அண்ணாந்து பாருங்கள். விளக்கு சுழலும். எங்கோ தூரத்தில் ஒரு கப்பல் அதைப் பார்த்துத்தான் வந்துகொண்டு இருக்கும்.

அதைப் பார்த்த பிறகு ரெயில் ஏறுங்கள். ஆவடி வருவதற்குள் பிள்ளைகள் மடியில் தூங்கி இருப்பார்கள்!