பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

மஞ்சளும் ஆரஞ்சும் ரோஜா நிறமும் ஒரே கொத்தில் கலந்து சிரிக்கும் ஒரு புதர்ச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதுரை ஜில்லாவில், எழுமலையைப் போன்ற மலையடிவாரத்து ஊர்ப் பக்கம் போனால், ஓடைக் கரையிலும் தரிசு நிலத்திலும் வேலியோரத்திலும் அது எதிர்ப்படும். உண்ணிச்செடி என்பது அதன் பெயர். பார்ப்பதற்கு என்னவோ லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆடு மாடு வைத்துப் பிழைப்பவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார்!

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் அமெரிக்காவின் வெப்ப நாடுகள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு, அழகுக்காக இதைக் கொண்டு வந்தார்கள். தோட்டத்துக்குள் அது நிற்குமா? பறவைகள் பழத்தைத் தின்று, விதையைக் காடு மேடெல்லாம் தூவி விட்டன. ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது’ என்பார்களே, அந்தக் கதைதான்! இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் சுமார் 1,54,000 சதுர கிலோ மீட்டரை, அதாவது நூற்றுக்கு நாற்பது பங்குக்கும் மேல், இந்தச் செடி பிடித்துக்கொண்டு விட்டதாக 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்குச் சொல்கிறது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாவிட்டால் மானுக்கு இரை ஏது? மான் இல்லாவிட்டால் புலிக்குத்தான் ஏது?

அடையாளம் என்ன?

தண்டைத் தொட்டுப் பாருங்கள்: நான்கு பட்டையாக இருக்கும், பின்புறம் வளைந்த சிறு முட்கள் கையைக் கிழிக்கும். இலைகள் எதிர் எதிராக, ஜோடி ஜோடியாக அமைந்திருக்கும். ஓரம் ரம்பம் போல, மேல்புறம் சொரசொரப்பு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால், ‘குப்’ என்று ஒரு நெடி அடிக்கும். இந்த நெடியை ஒரு முறை அறிந்தவர்கள் பிறகு மறப்பதில்லை.

பூவின் நிற மாற்றம் வேடிக்கையானது. மலரும்போது மஞ்சள், மகரந்தம் சேர்ந்த பிறகு ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறும். அதனால்தான் கொத்தின் நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமும் தெரிகின்றன. காய் பச்சை; பழுத்தால் மினுமினுக்கும் கறுப்பு. பழத்தைச் சிறுவர்கள் பறித்துத் தின்பதுண்டு. பச்சைக் காயில் விஷம் இருக்கிறது. குழந்தைகளை எச்சரித்து வையுங்கள்.

பட்டினியில் வரும் ஆபத்து

சாதாரணமாக ஆடு மாடுகள் நெடியை முகர்ந்ததுமே விலகிப் போய்விடும். மழை பொய்த்துப் புல் கருகும் காலத்தில் என்ன செய்யும்? பசியில் மேய்ந்து விடும். வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாட்டுக்கும் இதன் குணம் தெரியாது. இலையிலுள்ள லாண்டடீன் என்ற விஷம் ஈரலைத் தாக்குகிறது. மாடு தீனியை வெறுக்கும், சாணம் இறுகும், கண் மஞ்சளிக்கும். வெயில் பட்டால் மூக்கும் வெளுத்த தோலும் வெந்தாற் போலப் புண்ணாகும். இந்த அறிகுறி கண்டால் உடனே நிழலில் கட்டிக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஒரே ஒரு கறவை மாட்டை நம்பி அடுப்பு எரியும் வீட்டில் இது சின்ன விஷயமா?

ஒழிப்பது எப்படி?

அரிவாளை எடுத்து வெட்டினால் தீர்ந்து விடும் என்று நினைக்காதீர்கள். வெட்ட வெட்ட அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அப்படியே. மற்றச் செடிகள் கருகும், இது மறுபடி தழைக்கும்.

பூச்சிகளை ஏவிப் பார்த்ததும் உண்டு. 1921-ல் ஹவாய்த் தீவிலிருந்து ஒரு வகை ஈயைக் கொண்டு வந்தார்கள். 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்கு ஒரு பூச்சி வந்தது. அது தேக்கையும் கடித்து விடுமோ என்று பயந்து, வெளியில் விடாமல் வைத்திருந்தார்கள். அதுவோ தப்பித்துப் போய் ஊரெல்லாம் பரவியது! ஆனால், உண்ணிச்செடி அசையவில்லை.

பலன் தரும் வழி எளியதுதான். டில்லிப் பல்கலைக் கழகத்தார் கார்பெட் புலிக் காப்பகத்தில் செய்து காட்டியது அது. மண்ணுக்கு ஓரிரு அங்குலம் கீழே, வேர் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். தண்டு மண்ணைத் தொட்டால் வேர் விட்டு விடும். மழைக்குப் பின் நிலம் நெகிழ்ந்திருக்கும்போது, காய் பழுக்கும் முன்னால் செய்வது நல்லது. கையில் தடித்த உறை அவசியம். அடுத்த சில ஆண்டுகளுக்கு, முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே வர வேண்டும். வெற்றிடத்தையும் சும்மா விடாதீர்கள். வேலிக்குக் கிளுவையும் நொச்சியும், திறந்த இடத்தில் ஆவாரையும் புல்லும் வைத்தால், உண்ணிக்கு இடம் இராது.

நம் செடியும் லேசுப்பட்டதல்ல!

அமெரிக்கச் செடிதான் பொல்லாதது என்று எண்ணி விடாதீர்கள். நம் இமயமலைச் சாரலில் மஞ்சள் பூவும் சிவந்த கேசரமுமாக மணக்கும் காகிலி இஞ்சி என்ற அழகுச் செடி இருக்கிறது. நேபாளத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த எட்வர்டு கார்ட்னரின் பெயரையே தாவர நூலார் அதற்குச் சூட்டினர். தோட்ட அழகுக்கென்று கடல் கடந்த அந்த இஞ்சி, இன்று ஹவாயிலும் நியூஸிலாந்திலும் காட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கிழங்கில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். உலகின் மிகப் பொல்லாத நூறு அந்நிய உயிரினங்கள் என்று அறிஞர்கள் தயாரித்த பட்டியலில், உண்ணிச்செடியும் இருக்கிறது, நம் இஞ்சியும் இருக்கிறது! குற்றம் செடியினுடையது அல்ல. யோசியாமல் இடம் மாற்றுகிற மனிதனுடையது.

தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கையே வகுத்தது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் உண்ணித் தண்டை வளைத்து ஆள் உயர, ஆனை உயர ஆனைகளே செய்கிறார்கள். அப்படிச் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆனைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. வேண்டாத செடியும் கூலியாகிறது பாருங்கள்!

நர்சரியில் வண்ண வண்ணமாக உண்ணிச்செடி இன்றும் விற்பனைக்கு வருகிறது. அடுத்த முறை பூந்தொட்டி வாங்கப் போகும்போது, “இது எந்த ஊர்ச் செடி? வேலி தாண்டுமா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். தொட்டியில் வைப்பது நீங்கள். பின்னால் அதனோடு மல்லுக்கு நிற்பது மலையடிவாரத்து ஆடு மேய்ப்பவர்.