வேதிப்பொருள்கள் உயிரணுக்களைப் புற்றுநோய் உயிரணுக்களாக மாற்றுவது எவ்வாறு?

ஒரு பொருள் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்னும் செய்தியைப் படிக்கும்போது, நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. இஃது எவ்வாறு கண்டறியப்பட்டது? அப்பொருள் உடலினுள் என்ன செய்கிறது? ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட விலங்கு உயிரணுக்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள் இவ்விரு வினாக்களுக்கும் தெளிவான விடையைத் தந்துள்ளன.

ஆய்வின் பின்னணி

லண்டனில் புகைபோக்கிகளைத் துப்புரவு செய்து வந்தோருக்கு விதைப்பையில் தோன்றிய புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என 1775-இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் பதிவு செய்தார். 1915-இல் ஜப்பானிய ஆய்வாளர்களான யாமகிவா, இச்சிகாவா ஆகியோர் முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவி, அங்குப் புற்றுநோய் தோன்றுவதை மெய்ப்பித்தனர். அத்தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் வேதிப்பொருள் 1930-களில் பிரித்தெடுக்கப்பட்டது. புகையிலைப் புகையிலும் இப்பொருள் உள்ளது.

எனினும், முழு விலங்கின் உடலில் நிகழும் மாற்றத்தைப் படிப்படியாகக் காண்பது கடினம். 1963-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த பெர்வால்ட், சாக்ஸ் ஆகிய இருவரும், வெள்ளெலிக் கருவிலிருந்து பெற்ற உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றில் இத்தகைய வேதிப்பொருள்களைச் சேர்த்தனர். அவ்வுயிரணுக்களுள் சில, புற்றுநோய் உயிரணுக்களின் இயல்புகளைப் பெற்றன. இம்மாற்றமே ‘உயிரணு உருமாற்றம்’ எனப்படுகிறது.

வளர்ப்புத் தட்டில் காணப்படும் மாற்றங்கள்

இயல்பான உயிரணுக்கள் தட்டின் அடிப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரவும். அருகிலுள்ள உயிரணுவைத் தொட்டவுடன் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். உருமாறிய உயிரணுக்களோ பின்வரும் இயல்புகளைக் காட்டுகின்றன:

- ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, குவியல்களாக வளர்கின்றன.
- பற்றிக்கொள்ள உறுதியான பரப்பு இல்லாதபோதும், மென்மையான கூழினுள் மிதந்தபடியே பெருகுகின்றன.
- பிரிவதற்கான இயற்கை வரம்பைக் கடந்து, தொடர்ந்து பிரிகின்றன.
- தகுந்த ஆய்வு எலிகளின் உடலில் செலுத்தப்படும்போது கட்டிகளாக வளர்கின்றன. இதுவே உறுதியான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

சுண்டெலிக் கருவிலிருந்து பெறப்பட்ட ஒருவகை உயிரணுக்களில், வேதிப்பொருளை ஒரே ஒரு நாள் மட்டும் வைத்திருந்து நீக்கிவிடுகின்றனர். ஆயினும், ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின்னர்க் குவியல்கள் தோன்றுகின்றன. வேதிப்பொருள் அகன்ற பின்னரும் அது ஏற்படுத்திய மாற்றம் ஓர் உயிரணுவிலிருந்து அதன் வழித்தோன்றல்களுக்குச் சென்றுகொண்டிருப்பதை இது காட்டுகிறது. அதே வேளையில், தட்டிலிருந்த உயிரணுக்களுள் மிகச் சிலவே இவ்வாறு மாறுகின்றன என்பதும் கருதத்தக்கது.

உயிரணுவினுள் நிகழ்வது என்ன?

*முதல் நிலை: செயலூக்கம் பெறுதல்.* பென்சோபைரீன் போன்ற பல பொருள்கள் நேரடியாகத் தீங்கு செய்வதில்லை. அவற்றை நீரில் கரையச் செய்து வெளியேற்றுவதற்காக உடலின் நொதிகள் செயல்படும்போது, இடையில் வீரியம் மிக்க ஒரு வேதிவடிவம் தோன்றுகிறது. அவ்வடிவமே டி.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொள்கிறது. வேதிப்பொருள்கள் இவ்வாறு உடலுக்குள் செயலூக்கம் பெறுவதை அமெரிக்க ஆய்வாளர்களான ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதியர் விளக்கினர்.

*இரண்டாம் நிலை: பழுது நிலைபெறுதல்.* உயிரணுக்களில் டி.என்.ஏ.வின் பழுதைச் சீரமைக்கும் அமைப்பு உண்டு. பெரும்பாலான பழுதுகள் சரிசெய்யப்பட்டுவிடுகின்றன. சீரமைப்புக்கு முன்னரே உயிரணு பிரிந்துவிட்டால், பிழையான படி உருவாகி, அப்பிழை நிலைத்துவிடக்கூடும்.

*மூன்றாம் நிலை: கட்டுப்பாடு குலைதல்.* பிழை எங்கு ஏற்படுகிறது என்பது முதன்மையானது. வளர்ச்சியைத் தூண்டும் ‘ராஸ்’ போன்ற மரபணுவில் ஏற்பட்டால், ‘பிரிந்துகொண்டே இரு’ என்னும் ஆணை ஓயாமல் பிறக்கிறது. பழுதுற்ற உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் ‘பி53’ மரபணுவில் ஏற்பட்டால், அந்தக் காவல் அகன்றுவிடுகிறது. 1979-இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில், வேதிப்பொருளால் உருமாறிய சுண்டெலி உயிரணுக்களின் டி.என்.ஏ.வை உருமாறாத சுண்டெலி உயிரணுக்களுள் செலுத்தியபோது, அவற்றுள் சிலவும் உருமாறின. மாற்றம் டி.என்.ஏ.விலேயே பதிந்துள்ளது என்பதற்கு இது சான்றாயிற்று.

*நான்காம் நிலை: பெருக்கம் ஊக்குவிக்கப்படுதல்.* சில பொருள்கள் தாமாக மரபணுவைச் சிதைப்பதில்லை. ஆயினும், ஏற்கெனவே பழுதுற்ற உயிரணுக்களைப் பெருகச் செய்கின்றன. நேர்வாள எண்ணெயிலுள்ள ஒருவகைச் சேர்மங்கள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

ஒரே அடியில் நிகழ்வதன்று

மேற்கண்ட சுண்டெலி உயிரணுக்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே வரம்பின்றிப் பிரியும் இயல்பைப் பெற்றிருந்தவை. ஆகவே அவை எளிதில் உருமாறின. உடலிலிருந்து புதிதாகப் பெறப்பட்ட எலி உயிரணுக்களை முழுமையாக உருமாற்ற ராஸ் மரபணு மட்டும் போதாது, ‘மிக்’ போன்ற மற்றொரு மரபணுவும் உடன் வேண்டும் என்பது 1983-இல் கண்டறியப்பட்டது. மனித உயிரணுக்களை உருமாற்றுவது இன்னும் கடினம். நம் உடலில் பல தடைகள் ஒவ்வொன்றாகத் தகர்ந்த பின்னரே புற்றுநோய் உருவாகிறது. இதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகின்றன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை

*ஆய்வக முடிவு ஓர் எச்சரிக்கையே, தீர்ப்பன்று.* வளர்ப்புத் தட்டில் உருமாற்றம் செய்யும் பொருள் ஒருவரைத் தீண்டினால் அவருக்குப் புற்றுநோய் வந்தே தீரும் என்பது பொருளன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரிடமும் விலங்குகளிடமும் கிடைத்த சான்றுகளையும் உயிரணு ஆய்வுகளையும் சேர்த்தே முடிவெடுக்கிறது. புகையிலைப் புகை, மெல்லும் புகையிலை, பாக்கு, மதுபானங்கள், கல்நார், பென்சீன், பூஞ்சை பிடித்த நிலக்கடலை போன்றவற்றில் தோன்றும் அஃப்ளாடாக்சின் ஆகியன அதன் முதல் பிரிவில் இடம்பெற்றுள்ளன. இப்பிரிவு சான்றின் உறுதியைக் குறிக்கிறதே தவிர, ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை.

*புற்றுநோய் தொற்றிப் பரவாது.* மேற்கூறிய மாற்றங்கள் நோயாளியின் சொந்த உயிரணுக்களில் நிகழ்ந்தவை. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே பாத்திரத்தைப் பயன்படுத்துவதாலோ அவை பிறரைச் சென்றடைவதில்லை.

*நோயாளியைக் குறைகூற வேண்டா.* பல ஆண்டுகளில் பல நிகழ்வுகள் சேர்ந்து விளைந்த நோய்க்கு, தனியொருவரிடத்தில் இன்னதே காரணம் என உறுதியாகச் சுட்டுவது பெரும்பாலும் இயலாது. எத்தீய பழக்கமும் இல்லாதவர்களுக்கும் புற்றுநோய் வருகிறது.

*நிறுத்துவதற்குக் காலம் கடந்துவிடவில்லை.* உருமாற்றம் படிப்படியாக நிகழ்வதால், எந்தக் கட்டத்தில் தீங்கான பொருளை விலக்கினாலும் அடுத்த படிக்கான வாய்ப்புக் குறைகிறது. நோய் கண்டறியப்பட்ட பின்னர்ப் புகையிலையை விடுவோருக்கும் சிகிச்சையின் பயன் கூடுகிறது. இரண்டாவதாக வேறொரு புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் குறைகிறது. இந்தியாவில் புகையிலையைக் கைவிட விரும்புவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

பணியிடத்திலோ வீட்டிலோ இத்தகைய பொருள்களுடன் நீண்டகாலத் தொடர்பு இருந்திருப்பின், அதனைத் தங்கள் மருத்துவரிடம் தெரிவிக்கவும். இக்கட்டுரை பொது அறிவுக்கானது. மருத்துவ ஆலோசனைக்கு இது மாற்றாகாது.