ஒரு சுழியும் ஒரு வரியும்

சைதாப்பேட்டையில் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்.

ஆட்டோ ஆப்களில் சவாரி விவரத்தைக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் ‘ஜேசன்’ என்ற எழுத்து வடிவில் பரிமாறுகின்றன. அப்படி எழுத என்கோடர், படிக்க டீகோடர். என் புராஜெக்டில் இரண்டையும் கையாலேயே எழுதினேன். ஒன்றில் ‘கட்டணம்’, மற்றதில் ‘கட்டனம்’! ஒரு சுழி குறைய, சவாரிக் காசே காணோம்.

பெங்களூரில் 2022-இல் வந்த ‘நம்ம யாத்ரி’யின் சர்வர் ‘ஹாஸ்கெல்’ மொழியில் உள்ளது. அதில் சவாரிக்கு என்னென்ன உண்டு என்று டைப்பை ஒரே முறை சொல்லி, அடியில் ‘டெரைவிங்’ என்று ஒரு வரி போட்டால் (அப்பாவின் டிரைவிங் அல்ல!) கம்பைலரே இரண்டையும் உண்டாக்கும். இரு பக்கமும் ஒரே பெயர், சுழி தப்பாது.

ஒரு எச்சரிக்கை: டைப்பில் பெயரை மாற்றினால் ஜேசனிலும் மாறும், பழைய ஆப் திருதிருவென முழிக்கும். ஆகவே முதலிலேயே யோசித்துப் பெயர் வைப்போம்!