காந்தம் சொல்லும் பாதி உண்மை

எவர்சில்வர் முதல் ஸ்கேன் அறை வரை, எது ஒட்டும், எது ஒட்டாது என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், சமயத்தில் உயிரும் மிஞ்சும்.

பெங்களூர் ஆஸ்டின் டவுன். தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து ஒலிக்கும் பழைய கன்டோன்மென்ட் பகுதி. இங்குள்ள பழைய இரும்புக் கடைகளில் காந்தம்தான் நீதிபதி. கோணியில் வந்து விழும் சாமான்கள்மேல் அதை ஓட்டினால் போதும். ஒட்டுவது இரும்பு, ஒரு குவியல். ஒட்டாத செம்பு, பித்தளை, அலுமினியம் இன்னொரு குவியல். விலையும் அதற்கேற்ப.

பாத்திரக் கடைக்குப் போகும் விவரமான பெண்மணிகளின் கைப்பையிலும் ஒரு காந்தத் துண்டு இருக்கும். "ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர், ஒட்டினால் மட்டம்" என்பது சென்னை, கோவை, மும்பை தாராவி என்று தமிழர் வாழும் இடமெல்லாம் செல்லுபடியாகும் சூத்திரம்.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சூத்திரம் பாதிதான் சரி.

காந்தத்துக்கு முன்னால் பொருள்கள் ஒட்டும், ஒட்டாது என்று இரண்டு விதமாக மட்டும் நடந்துகொள்வதில்லை. அணுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை ஜோடி ஜோடியாக எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. இவற்றைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால் மிக மிக லேசாக விலகும். இவை டயா காந்தப் பொருள்கள். தண்ணீர், செம்பு, வெள்ளி, தங்கம் எல்லாம் இந்த ஜாதி. அலுமினியத்தையும் ஆக்சிஜனையும் காந்தம் லேசாக ஈர்க்கும். இவை பாரா காந்தப் பொருள்கள். மூன்றாவது இரும்பு, நிக்கல், கோபால்ட் கோஷ்டி. இவற்றில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் கூட்டணி வைத்துக்கொண்டு ஒரே திசையில் அணிவகுக்கின்றன. நாம் "ஒட்டுகிறது" என்று சொல்வது இந்த ஃபெர்ரோ காந்தப் பொருள்களைத்தான்.

முதல் இரண்டு வகைகளின் விசை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதை அளந்து காட்டியதில் ஒரு தமிழரின் பெயர் உலகப் புகழ் பெற்றது. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928இல் சர் சி. வி. ராமனின் வலது கரமாக இருந்தவர். அந்த ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், படிகங்களின் காந்த குணத்தைக் கையில் எடுத்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, இருபுறமும் காந்தத்தை வைத்தார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று புரண்டுவிடும். எவ்வளவு முறுக்கியபோது புரண்டது என்ற கணக்கிலிருந்து, படிகத்தின் காந்த குணம் திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று சொல்ல முடிந்தது. அதை வைத்து, அந்துருண்டை செய்யும் நாப்தலீன் போன்ற படிகங்களுக்குள் மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டுள்ளன என்றுகூடக் கணிக்க முடிந்தது. 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

மறுபடியும் பாத்திரக் கடைக்கு வருவோம். நல்ல எவர்சில்வரில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக இரும்புதான். அப்படியும் ஏன் ஒட்டுவதில்லை? சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேரும்போது இரும்பு அணுக்களின் அடுக்குமுறையே மாறி, கூட்டணி கலைந்துவிடுகிறது. இந்த அமைப்புக்குப் பெயர் ஆஸ்டினைட். ஆஸ்டின் டவுனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ராபர்ட்ஸ் ஆஸ்டென் என்ற பிரிட்டிஷ் உலோகவியலாளரின் நினைவாக வைத்த பெயர் அது.

விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்தாலும் இதே அமைப்பு கிடைக்கும். 200 வரிசை எனப்படும் இந்த மலிவு ரகமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் துருவை எதிர்க்கும் சக்தி குறைவு. மாறாக, நிக்கல் இல்லாத 430 ரகம் நன்றாக ஒட்டும், ஆனால் அது போலி அல்ல. இண்டக்ஷன் அடுப்புக்கு ஒட்டுகிற அடிப்பாகம்தான் தேவை. ஆகவே அடியில் பொறித்திருக்கும் தர எண்ணைப் பார்த்து, ரசீதோடு வாங்குவதே புத்திசாலித்தனம்.

நகைக்கும் இதே கதைதான். தங்கம் காந்தத்தில் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் அதில் கலக்கும் செம்பும் வெள்ளியும் ஒட்டாதே! காந்தம் பிடிப்பது உள்ளே இரும்பை வைத்து ஏமாற்றுபவரை மட்டும்தான். 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டுள்ள ஹால்மார்க் முத்திரையைப் பார்ப்பதே வழி.

சமையலறையில் இன்னொரு வேடிக்கை. சூடு ஏறினால் ஃபெர்ரோ காந்தப் பொருளும் தன் குணத்தை இழக்கும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ். 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் குணம் இழக்கும் கலவை ஒன்றைச் சாதாரண மின் ரைஸ் குக்கரின் அடியில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100ஐத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறுகிறது, காந்தப் பிடி விடுகிறது, ஸ்பிரிங் தள்ள, 'டக்' என்று சுவிட்ச் விழுகிறது. சோறு தயார்.

ஆனால் இதெல்லாம் விளையாட்டாக இல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை. அங்கே பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா காந்தம் இருக்கும். பூமியின் காந்தப் புலத்தைப்போல 30,000 மடங்குக்கும் மேல். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அது உயிரோடுதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், நோயாளிக்காக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன உறவினரைச் சிலிண்டரோடு சேர்த்து இயந்திரம் இழுத்துக்கொண்டது. அவர் உயிர் பிழைக்கவில்லை. ஆக்சிஜன் வாயுவின் பாரா காந்த குணம் அங்கே ஒரு பொருட்டே அல்ல. எமனாக வந்தது உருளை செய்த உலோகம். அந்த அறைக்கென்றே அலுமினிய சிலிண்டர்கள் இருக்கின்றன.

அந்த அறைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நகையைக் கழற்றச் சொன்னால், "தங்கம்தானே, ஒட்டாதே" என்று தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள் உண்டு. ஆனால் மாறிக்கொண்டே இருக்கும் புலத்தில் உலோகம் சூடாகலாம், படமும் கெடலாம். அதோடு, ஆத்திர அவசரத்துக்கு என்று அதே சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு எதனால் செய்தது? பெரும்பாலும் எஃகு. தங்கம் சும்மா இருந்தாலும், ஊக்கு சும்மா இருக்காது.