ஆண் குழந்தைக்கு முன்தோலில் புண்ணா? பதற வேண்டாம், பிடித்து இழுக்கவும் வேண்டாம்!

கர்க்கடக மழை விடாது கொட்டுகிறது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவை அடுத்த சந்து ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம். ஒன்றரை வயதுப் பையன் ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் வீறிட்டு அலறுகிறான். தாய் துணியை விலக்கிப் பார்க்கிறாள். குறியின் நுனித்தோல் சிவந்து, வீங்கி, பளபளவென்று இருக்கிறது. துணியில் மஞ்சளாக ஏதோ கசிந்திருக்கிறது.

"குளிப்பாட்டும்போது தோலைப் பின்னுக்குத் தள்ளி, எண்ணெய் விட்டுக் கழுவணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?" என்கிறாள் மாமியார். "சுன்னத்துச் செய்துவிட்டால் ஒரேயடியாகத் தொல்லை விட்டது" என்கிறார் அடுத்த வீட்டு அம்மாள். கணவனோ மருந்துக் கடைக்கு ஓடி, படை, சொறி, சிரங்கு எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று கொடுத்த ஒரு ட்யூபுடன் திரும்பி வருகிறான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ஆண் குழந்தை உள்ள எந்த வீட்டிலும் எந்த நாளும் நடக்கக்கூடியது. மூவர் பேச்சிலும் அக்கறை இருக்கிறது. ஆயினும் மூன்றுமே அந்தச் சமயத்துக்கு ஒவ்வாத யோசனைகள். அது ஏன் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். வெட்கப்பட்டு மூடி மறைக்க இதில் ஒன்றும் இல்லை. காதில் சீழ், கண்ணில் பீளை என்பது போல இதுவும் குழந்தைப் பருவத்துக் கோளாறுகளில் ஒன்று. பிரிட்டனில் 1989ல் வெளியான ஓர் ஆய்வு, நூறு சிறுவர்களில் சுமார் நான்கு பேருக்கு இது வருகிறது என்று கணக்கிட்டது. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் அதிகம்.

நகமும் சதையும் போல

முதலில் மாமியாரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். பச்சைக் குழந்தையின் முன்தோல் பின்னுக்கு வராது, வரவும் கூடாது. பிறக்கும்போது முன்தோலின் உட்புறம், குறியின் மொட்டோடு நகமும் சதையும் போல ஒட்டியே இருக்கும். மலமும் மூத்திரமும் ஈரத்துணியுமாகக் கழியும் அந்த வயதில் மென்மையான மொட்டுக்கு அதுவே உறை. வளர வளர, தோல் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தளர்ந்துவிடும்.

இதை முதன்முதலில் கணக்கெடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர். 1949ல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, பிறந்த நூறு குழந்தைகளில் நாலு பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னுக்கு வந்தது. 1968ல் டென்மார்க்கில் பள்ளிச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்த ஜேக்கப் ஆஸ்டர் என்ற டாக்டர் இன்னும் தெளிவாகச் சொன்னார். ஆறு, ஏழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத் தோல் இறுக்கமாக இருந்தது. பதினாறு, பதினேழு வயதில் அது நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டது. கத்தியும் இல்லை, மருந்தும் இல்லை. காலமே செய்த வைத்தியம் அது.

எண்ணெய்க் குளியலின்போது தோலைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சுத்தம் என்று நினைத்தே பெரியவர்கள் செய்கிறார்கள். ஆனால் ஒட்டியிருக்கும் தோலை வலிந்து பிரித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கிருமி அதன் வழியே நுழையும். புண் ஆறும்போது தழும்பு கட்டி, இயல்பாக விலகவேண்டிய தோல் நிரந்தரமாக இறுகிவிடவும் கூடும். வராத நோயை வரவழைப்பது என்பது இதுதான்.

எதனால் வருகிறது?

பெரும்பாலும் எரிச்சலில் தொடங்குகிறது. மூத்திரத்தில் நனைந்த துணியையோ டயபரையோ நெடுநேரம் மாற்றாமல் விடுவது, வாசனைச் சோப்பு, நுரைத் திரவம், கிருமிநாசினி கலந்த தண்ணீர், டால்கம் பவுடர், மண்ணில் விளையாடிய கையால் குழந்தையே பிடித்து இழுத்துக்கொள்வது ஆகிய எதுவும் காரணமாகலாம். புண்ணான இடத்தில் பாக்டீரியாக் கிருமிகளோ, 'காண்டிடா' என்ற பூஞ்சையோ குடியேறிவிடுகின்றன.

கொச்சிவாசிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இடவப்பாதி தொடங்கினால் துலாமழை ஓயும்வரை குழந்தைத் துணி உலர்வது பெரும்பாடு. அரைகுறை ஈரத்தோடு கட்டிவிட்டால் இடுப்பு மடிப்பெல்லாம் சிவந்துவிடும். சோப்புக் காரம் போகாத துணியும் அப்படியே. போர்ட் கொச்சி வெளியிலுள்ள டோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாக வெளுக்கும் நம் தமிழர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. நன்றாக அலசாத துணி வெளுத்த துணி ஆகாது. குழந்தையின் இடுப்புத் துணியையும் சோப்பு வாடை போகும்வரை அலசி, மழை நாளில் இஸ்திரிப் பெட்டியாவது வைத்து ஈரம் போக்கிய பின்பே கட்ட வேண்டும்.

நோய் அல்லாதவை

இரண்டு விஷயங்களைக் கண்டு தாய்மார்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். தோலுக்கடியில் அரிசி அளவில் வெள்ளையாகவோ, இளமஞ்சளாகவோ சிறு முத்துகள் தெரியலாம். அது சீழ் அல்ல; உதிர்ந்த தோல் செல்கள் சேர்ந்த கட்டி. தோல் பிரியப் பிரியத் தானே வெளியேறிவிடும். இன்னொன்று, மூத்திரம் போகும்போது முன்தோல் பலூன் போல ஒரு கணம் உப்புவது. வலியில்லாமல், மூத்திரம் தடையின்றிப் போனால் அதுவும் கவலைக்குரியதல்ல.

சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி, மூத்திரம் போகும்போது அழுகை, நாற்றத்தோடு கசிவு ஆகியவையே நோயின் அடையாளங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

தாங்கக்கூடிய வெதுவெதுப்பான தண்ணீரை அகன்ற பேசினில் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் குழந்தையை உட்கார வைக்கவும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். மேற்குக் கொச்சியின் பல பகுதிகளில் கிணற்று நீர் உப்பு. ஆகவே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துவது நல்லது. சோப்பு வேண்டாம், கிருமிநாசினி வேண்டாம். தோலை இழுக்கவே வேண்டாம். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, முடிந்த மட்டும் துணி கட்டாமல் காற்றாட விடவும்.

வலிக்குப் பயந்து குழந்தை மூத்திரத்தை அடக்கினால், அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தபடியே போகவிடுங்கள், எரிச்சல் குறையும். நிறைய நீராகாரம் கொடுத்தால் மூத்திரத்தின் காரம் தணியும். மஞ்சள் பற்று, சுண்ணாம்பு, நாட்டு எண்ணெய், தாய்ப்பால் எதையும் புண்ணில் இடவேண்டாம்.

ஒரு முக்கியமான சோதனை: குறியைச் சுற்றித் தலைமயிரோ, நூலோ இறுகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் நன்றாகப் பாருங்கள். தாயின் உதிர்ந்த கூந்தல் இழை ஒன்று சுற்றிக்கொண்டு வீங்கவைப்பது அபூர்வம்தான். ஆனால் கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

டாக்டர் என்ன செய்வார்?

ஓரிரு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சீழ் கசிந்தால் காத்திருக்காமல் முதல் நாளே காட்டலாம். பாக்டீரியாவானால் அதற்கான களிம்பு தருவார். இடுப்பு மடிப்பிலும் சிவந்து, சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. குளோட்ரிமசோல் போன்ற களிம்பு கேட்கும். வீக்கம் அதிகமிருந்தால் மிதமான ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைச் சில நாட்களுக்கு மட்டும் சேர்ப்பதுண்டு. சிவப்பு குறியின் தண்டு வரை பரவியிருந்தால் வாய்வழி ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். வலிக்குப் பாரசிட்டமால் உண்டு. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குள் குணமாகிவிடுகிறது.

இங்கேதான் கணவன் வாங்கிவந்த ட்யூபின் கதை வருகிறது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் விற்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் இரண்டு நாள் சிவப்பு மறைந்து குணமானது போலத் தோன்றும். உள்ளே பூஞ்சை தழைக்கும். மெல்லிய தோல் இன்னும் மெலியும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தால், முக்கியமாகப் பூஞ்சையால் வந்தால், சர்க்கரைப் பரிசோதனை செய்வது அவசியம். நீரிழிவு குழந்தைகளுக்கும் வரும். காய்ச்சலும் சேர்ந்தால் மூத்திரப் பரிசோதனையும் வேண்டும்.

ஓட வேண்டிய நேரம்

சில அறிகுறிகள் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் மூத்திரமே போகாதிருப்பது, வீக்கம் அடிவயிறு, விதைப்பை என்று பரவுவது, கடும் காய்ச்சல், குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவை அப்படிப்பட்டவை. எல்லாவற்றிலும் மோசமானது, பின்னுக்குத் தள்ளிய தோல் முன்னுக்கு வராமல் வளையம் போல் இறுகிக்கொள்வது. மொட்டுக்குப் போகும் ரத்த ஓட்டமே தடைப்படும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மட்டாஞ்சேரியிலேயே அரசாங்கத்தின் பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. கருவேலிப்படியில் தாலுகா ஆஸ்பத்திரியும், அக்கரையில் எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியும் உள்ளன.

புதிதாகக் குடிவந்த நம்மவர்களுக்கு அங்கே பேச்சில் சிறு குழப்பம் நேரலாம். நர்ஸ் "பனியுண்டோ?" என்று கேட்டால் அது மார்கழிப் பனி அல்ல, காய்ச்சல் இருக்கிறதா என்கிறார். "நீரு" என்றால் தண்ணீர் அல்ல, வீக்கம். "பழுப்பு" என்றால் நிறம் அல்ல, சீழ். அரிப்புக்கு "சொறிச்சில்". முன்தோலுக்கு "அக்ரசர்மம்". இந்த ஐந்து சொல்லைத் தெரிந்துகொண்டால் டாக்டருக்கும் தாய்க்கும் இடையே தடுமாற்றம் பாதி குறையும்.

கத்தி எப்போது?

கடைசியாக அடுத்த வீட்டு அம்மாளின் யோசனை. மட்டாஞ்சேரி பல சமயத்தாரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் ஊர். 1568ல் எழுந்த பரதேசி யூத ஆலயம் இங்கே இருக்கிறது. யூதர் மரபில் பிறந்த எட்டாம் நாள் முன்தோலை நீக்குவார்கள். கச்சி மேமன்களும், மாப்பிள்ளைமாரும், நம் தமிழ் ராவுத்தர்களும் சுன்னத்துச் செய்கிறார்கள். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அந்த வழக்கம் இல்லை. அவரவர் சமய ஆசாரம் அவரவருக்கு. அது வேறு, நோய்க்குச் சிகிச்சை வேறு. ஒரு தடவை புண் வந்தது என்பதற்காக முன்தோலை வெட்டுவது, தொண்டை வலி வந்ததும் டான்சிலை எடுப்பது போலத்தான்.

சுன்னத்துச் செய்யும் குடும்பங்களும் இரண்டைக் கவனிக்க வேண்டும். புண்ணும் வீக்கமும் உள்ளபோது செய்யாமல் ஆறிய பின்பே செய்வது நல்லது. மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறத்தில் அமைந்த குழந்தைக்குச் செய்யவே கூடாது. பிற்பாடு அதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்தத் தோல்தான் உதவும்.

திரும்பத் திரும்பப் புண் வந்து, தோல் நிஜமாகவே இறுகிப்போன சிறுவர்களும் உண்டு. அவர்களிலும் பலருக்கு, டாக்டர் மேற்பார்வையில் நாலு முதல் எட்டு வாரம் பூசும் ஸ்டீராய்டு களிம்பிலேயே தோல் தளர்ந்துவிடுகிறது. அதற்கும் கேட்காத சிலருக்கே கத்தி தேவை. கத்தி என்பதும் அற்ப விஷயமல்ல. அக்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த ஆபரேஷனால் ஆண்டுக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இறந்ததை கெய்ர்ட்னர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

இதெல்லாம் மேல்நாட்டார் இப்போது கண்டுபிடித்த புதுமையும் அல்ல. ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சுசுருத சம்ஹிதை, முன்தோல் கிழிவதை 'அவபாடிகை' என்றும், பின்னுக்குப் போய் இறுகுவதைப் 'பரிவர்த்திகை' என்றும், துவாரம் குறுகுவதை 'நிருத்தப்பிரகாசம்' என்றும் தனித்தனியே பிரித்துக் கூறுகிறது. பரிவர்த்திகைக்கு அது சொல்லும் வைத்தியம், நெய் தடவி, ஒத்தடம் கொடுத்து, மெல்ல மெல்லத் தோலை முன்னுக்குக் கொண்டுவருவது. வலிந்து தள்ளினால் தோல் கிழியும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

ஆகவே தாய்மார்களே, பாட்டிமார்களே! குழந்தையைக் குளிப்பாட்டும்போது வெளியே தெரியும் பாகத்தை மட்டும் தண்ணீரால் கழுவுங்கள். விரலைக் கழுவுவது போல, அவ்வளவுதான். நாலைந்து வயதுக்குமேல், தோல் தானாகத் தளர்ந்த பிறகு, வலிக்காத அளவுக்குத் தானே விலக்கிக் கழுவி, மறுபடி முன்னுக்குக் கொண்டுவரப் பையனுக்கே சொல்லிக் கொடுங்கள். அந்தத் தோலை முதன்முதலில் விலக்க வேண்டியது அவன் கைதான். வேறு யார் கையும் அல்ல.